எந்தத் தண்ணீரில் அளந்தது

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்து ஏழாவது ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா அதுவரை அவளைத் தொட்டதில்லை. கைப்பேசித் திரையில் பார்த்ததோடு சரி.

அவர் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவர் கிளம்பும்போது எனக்கு ஏழு மாதம். ஒன்பது மாத ஒப்பந்தம் என்றுதான் போனார். மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி இன்னும் இரண்டு மாதம் நீட்டிவிட்டார்கள். தினமும் அவர் திரையில் வந்ததும் நான் "அப்பா பாரு, அப்பா" என்று காட்டுவேன். மகள் திரையை நக்குவாள். அவர் அந்தப் பக்கம் கன்னத்தைத் திருப்பிக் காட்டி, "இந்தா, இந்தப் பக்கமும் ஒண்ணு" என்பார்.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். அவருக்குக் கிடர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கேன்டீனில் வேலை கிடைத்துத்தான் கொல்கத்தா வந்தோம். பிறகு அவர் கப்பலேறினார். நான் பெஹாலாவில் ஒன்றரை அறை வாடகை வீட்டில் இட்லி மாவு அரைத்து, இங்கே ஐடி வேலைக்கு வந்திருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு விற்றுக்கொண்டு இருந்துவிட்டேன். பிரசவத்துக்கு ஊருக்குப் போனேன். மூன்றாம் மாதமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மாவு வியாபாரம் கைவிட்டுப் போய்விடும் என்று எல்லாரிடமும் சொன்னேன். அவர் எப்போது வந்தாலும் இந்த வீட்டுக்குத்தானே வருவார் என்பதைச் சொல்லவில்லை.

கீழ்வீட்டில் வீட்டுக்காரப் பெண்மணியும் அவர் கணவரும். அந்த அம்மாவை நான் பௌதி என்று கூப்பிடுவேன். இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பேச்செல்லாம் வங்காளத்தில்தான். அதை என் தமிழில் போடுகிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தமில்லாத மனிதர். வீட்டின் சத்தம் முழுவதையும் பௌதி பார்த்துக்கொள்வார்.

"இன்னுமா சோறு ஊட்டல?" என்பார் பௌதி, மாடிப்படி ஏறும்போதே. "பொம்பளப் பிள்ளைக்கு ஒத்தப்படை மாசம். அஞ்சை விட்டாச்சு. ஏழையும் விட்டா ஒம்பது. அதுவரைக்கும் பட்டினி போடுவியா?"

"பால் குடிக்கிறாளே, பௌதி."

"பாலாம் பால்! நான் மீன் சாப்பிடும்போது உன் பொண்ணு என் ஒவ்வொரு வாயையும் எண்ணுறா. எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

டாக்டரும் அதையே வேறு மாதிரி சொல்லிவிட்டார். எடை போதாது, இந்த மாதம் முடிவதற்குள் சாதம் ஆரம்பித்துவிடுங்கள் என்றார். நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். அவள் வாயில் போகிற முதல் சோறு அவர் கையால் போகவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. கப்பலில் இருபது பேருக்கு மூன்று வேளை சோறு போடுகிற மனிதர். சொந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்கவேண்டாமா?

அந்த நேரத்தில்தான் ஒருநாள் அவர் கூப்பிட்டார்.

"ஏட்டி, மொதல்ல உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன். மாவு அரைக்கேன். என்ன, சொல்லுங்க."

"நம்ம கப்பலுக்கு அடுத்த சரக்கு கொல்கத்தாவுக்குட்டி. கிடர்பூருக்கேதான் வாரோம்."

கிரைண்டரை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடி மாவு சூடேறி, அன்றைக்கு வாங்கின பிள்ளைகள் எல்லாம் இட்லி கல்லு மாதிரி இருக்கு அக்கா என்றார்கள். கல்லாயிருந்தாலும் சாப்பிடுங்கடா என்றேன்.

எட்டு நாள் கழித்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, கப்பல் சாகர் தீவுக்குக் கீழே ஆற்றின் வாயில் வந்து நங்கூரம் போட்டது. ஏழாம் மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கடலிலிருந்து கிடர்பூருக்கு ஆற்றில் மேலேறி வரவேண்டும். ஆற்றில் மணல் மேடுகள் உண்டு. அதனால் கடல் தண்ணீர் ஆற்றில் ஏறி வருகிற ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இவ்வளவு ஆழம் வரை இறங்கி மிதக்கிற கப்பல் வரலாம் என்று துறைமுகத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள். கப்பல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அதன் பக்கவாட்டிலேயே எண்ணாக எழுதியிருக்கும். டிராஃப்ட் என்பார்கள். கப்பல்காரன் பெண்டாட்டிக்கு இவ்வளவுகூடத் தெரியாதா?

அவரிடம் கேட்டேன். கப்பலின் முதல் அதிகாரியான சீஃப் மேட்டிடம் விசாரித்து, "ஆறு மீட்டர் அறுபத்தஞ்சு" என்றார். கீழ்வீட்டுக்காரருக்குப் பழைய கூட்டாளிகள் தினமும் துறைமுகப் பட்டியலைக் கைப்பேசியில் அனுப்புவார்கள். சும்மா கேட்பதுபோல் அவரிடம், "நாளைக்கு மத்தியான ஏற்றத்துக்கு எவ்வளவு?" என்றேன். "ஆறு எழுபது" என்றார். எதற்குக் கேட்கிறாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லாரையும் அசத்திவிட வேண்டும் என்ற நினைப்பு. ஐந்து சென்டிமீட்டர் மிச்சம்! வந்துவிடும். பௌதியிடம் போய், "ஞாயித்துக்கிழமை சோறு ஊட்டுறோம், அப்பாவே வாராரு" என்று சொல்லிவிட்டேன்.

"அப்பாவா ஊட்டுவாரு? எங்கேயாவது உண்டா? தாய்மாமன்தானே ஊட்டணும்?"

"மாமன் தூத்துக்குடில இருக்கான், பௌதி. அப்பா சாகர்ல இருக்காரு. எது பக்கம்?"

பௌதி யோசித்தார். "சாகர்தான் பக்கம்" என்று ஒத்துக்கொண்டு பாயேஷுக்கு அரிசி எடுக்கப் போனார். நம்ம பால் பாயசம்தான். அரிசி மட்டும் வாசனையான குட்டி அரிசி. குழந்தைக்கு முதலில் அதைத்தான் ஊட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. பௌதியின் தங்கை குடும்பம், மாவு வாங்குகிற பிள்ளைகள் நான்கு பேர், எதிர்வீட்டுத் தையல்காரம்மா. மகளுக்குச் சிவப்புப் பட்டுப்பாவாடை. சனிக்கிழமை மத்தியானம் ஆற்றில் ஏறினால் இந்நேரம் கிடர்பூரில் இருக்கவேண்டும். சனிக்கிழமை முழுதும் அவர் போன் எடுக்கவில்லை. கப்பல் உள்ளே வருகிற நாளில் யாருக்கு நேரம் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்.

"துறைமுகக் கேட்டு பக்கம் வந்துட்டீங்களா?"

"எந்த கேட்டு? இன்னும் சாகர்லதான் கெடக்கோம். சிக்னலே இல்ல நேத்து. ஆத்துல வழிகாட்டுத பைலட்டே கப்பல்ல ஏறலட்டி. டிராஃப்ட் கூடுதலாம், நம்மள இந்த ஏத்தத்துல எடுக்கமாட்டாங்களாம்."

"எப்படிக் கூடும்? ஆறு அறுபத்தஞ்சுதான? அவங்க எழுபது வரைக்கும் எடுப்பாங்கல்ல?"

"எனக்கென்ன தெரியும்? நான் சோறு பொங்குதவன்."

என் குரல் உயர்ந்ததைக் கேட்டு எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, கிட்டத்தட்டச் சண்டைக்காரி மாதிரி, வங்காளத்தில் இரண்டு எண்ணையும் சொன்னேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"ஆறு அறுபத்தஞ்சு, எந்தத் தண்ணியில அளந்தது?"

"எந்தத் தண்ணின்னா? கடல் தண்ணிதான்."

"துறைமுகம் சொல்ற எழுபது ஆத்துத் தண்ணிக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். "தீகாவுல கடல்ல குளிச்சிருக்கியா? உடம்பைத் தூக்கும். இதே நம்ம குளத்துல இறங்கு, கல்லு மாதிரி போவே. உப்பு இருக்கிறதால கடல் தண்ணி கனம், அது தாங்கும். அங்க ஆறு அறுபத்தஞ்சுல மிதக்கிற கப்பல் ஆத்துக்குள்ள வந்ததும் இன்னும் பத்துப் பன்னெண்டு சென்டிமீட்டர் கீழ இறங்கும். இப்ப மழை நாள், ஆத்துல உப்பே இல்ல. என்கிட்ட முன்னாடியே ரெண்டு நம்பரையும் சொல்லியிருக்கலாமே, மா."

சொல்லியிருக்கலாம். அசத்தப் போனவள் அல்லவா நான்.

"அவ்வளவு உப்பை யாரு போட்டது அதுல?" என்று கேட்டேன். கேள்வியா அது, எரிச்சல். வாயில் வந்துவிட்டது. ஆனால் அவர் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்.

"இந்த ஆறுதான் போட்டுச்சு" என்றார். "இந்த ஆறு, எல்லா ஆறும்."

பௌதி இடையில் புகுந்தார். "ஆறு, கடல் எல்லாம் அப்புறம். பாயேஷ் ஆறி ஆடை கட்டுது. இவர் என்ன, அண்ணன் முறைதானே உனக்கு? மாமனா உக்காந்து ஊட்டட்டும். நல்ல நேரம் போகுது."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மகள் கிண்ணத்தையே பார்த்தாள். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேண்டாம் பௌதி, இன்னும் ஏழு நாள் இருக்கு" என்று வந்தது.

பௌதிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பமுடியுமா? பாயேஷை எல்லாரும் சாப்பிட்டார்கள். மாவு வாங்குகிற பிள்ளைகள் இரண்டு முறை வாங்கினார்கள். யாருக்காகக் காய்ச்சியதோ, அவள் ஒருத்திதான் சாப்பிடவில்லை. பட்டுப்பாவாடையோடு பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

அடுத்த சில நாட்கள் எனக்குப் பைத்தியம் பிடித்தது போலத்தான். எங்கள் ஊரில் உப்பளத்துக்கு நடுவில்தான் பஸ்ஸே போகும். கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காயவிட்டு, வாரிக் குவித்து வைத்திருப்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். உப்பு கடலிலிருந்து வருகிறது; அதோடு விஷயம் முடிந்தது. கடலுக்கு அது எங்கிருந்து வந்தது என்று எங்கள் தெருவில் ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது அந்த உப்பு என் வீட்டு மனிதரைப் பிடித்து வைத்திருக்கிறதே, அதனால் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன்.

பெஹாலா சந்தையில் மீன் விற்கிற அம்மாள் அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கடல் கஞ்சன். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காது, அதான்" என்றாள். தட்டில் இலிஷ் மீன் வெள்ளித்தகடு மாதிரிக் கிடந்தது. கடலில் வளர்ந்து, மழைக்காலத்தில் முட்டையிட ஆற்றில் ஏறி வருகிற மீன். "இதைப் பாரு, உப்பு பிடிக்காம ஓடி வருது. மேல வர வர ருசி. உன் வீட்டுக்காரர் இதோட வாலைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கலாம்."

"இதுக்கு யாரும் டிராஃப்ட் கேக்கலியே, மாஷி."

"கேட்டா வருமா? இது யாருக்கும் பதில் சொல்லாது, நேரா என் தட்டுக்குத்தான்."

கீழ்வீட்டுக்காரர் சாயங்காலம் விளக்கமாகச் சொன்னார். மழைத்தண்ணீர் மலைப்பாறையைத் துளித்துளியாகக் கரைக்கும். அதில் உப்பும் இன்னும் என்னென்னவோவும் இருக்கும். நாக்குக்குத் தெரியாத அளவு. ஆறு அதைச் சுமந்துகொண்டு போய்க் கடலில் கொட்டும். கடலுக்கு அடியிலும் பூமி வெடித்த இடங்களில் சூடான தண்ணீர் பாறையைக் கரைத்துக்கொண்டு மேலே வருமாம். வெயில் கடலிலிருந்து தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மறுபடி மழையாக்கும், உப்பை எடுக்காது. இப்படியே கோடிக்கணக்கான வருஷம்.

அன்றைக்குச் சிக்னல் கிடைத்ததும் இதைக் கப்பலில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா அம்புட்டு பேச்சு? சாம்பாரை மறந்து அடுப்புல விட்டா என்ன ஆவும்? சுண்டிப் போயி உப்பு கரிக்கும். தண்ணி ஊத்து, மறுபடி சுண்டும், இன்னும் கரிக்கும். ஊத்துத தண்ணிலயும் ஒரு சிட்டிகை இருந்தா? அதான் கடலு."

"அப்ப ஏன் இன்னும் இன்னும் கரிச்சு, குழம்பா ஆவல?"

"அடில கொஞ்சம் தங்கிரும்லா. சிப்பி, சங்கெல்லாம் கொஞ்சம் எடுத்துக்கிடும். எங்க சீஃப் மேட் சொன்னாரு." பிறகு, "அவ என்ன செய்தா?" என்றார்.

"என் விரலைக் கடிக்கா. பசி."

"ஊட்டிரேன். நான் எப்ப வந்தாலும் வாரேன். பிள்ளைய ஏன் காயப்போடுத?"

சிக்னல் போய்விட்ட மாதிரி இருந்துகொண்டேன். அவர் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

புதன்கிழமை மாவு கொடுத்துவிட்டு வரும் வழியில் குழந்தையோடு கங்கைக் கரைக்குப் போனேன். கப்பல் ஏறி வரவேண்டிய அதே ஆறு. தண்ணீர் காப்பி நிறத்தில், வேகமாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. இறக்கம். பௌதியாக இருந்தால் தலையில் தெளித்துக்கொள்வார். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். சேறுதான் தெரிந்தது. இதில் உப்பு இருக்கிறதாம். எந்த மலையிலோ புறப்பட்டு, எத்தனையோ ஊர் தாண்டி, என் முன்னால் ஓடி, இன்றோ நாளையோ இந்தத் தண்ணீர் அவர் கப்பலின் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு போகும். எனக்குத்தான் வழியில்லை. கொஞ்ச நேரம் அந்த ஆற்றின்மேல் அப்படியொரு பொறாமை வந்தது எனக்கு. மகள் என் காதுத்தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு ஒரு வழி பிறந்தது. கப்பலை ஆற்றில் கீழ்ப்பக்கம் இருக்கிற ஹால்தியா துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் சரக்கை இறக்கி, லேசாக்கி, பிறகு மேலே அனுப்புவதென்று முடிவாயிற்று. இந்தமுறை நான் கணக்குப் போடவில்லை. இரண்டு எண்ணையும் கீழ்வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "வரும்" என்றார். சனிக்கிழமை காலை ஏற்றத்தில் கப்பல் கிடர்பூருக்குள் வந்தது. அடுத்த நாளோடு மகளுக்கு ஏழு மாதம் முடிகிறது.

அவரால் வீட்டுக்கு வர முடியவில்லை. கப்பலில் சோதனை, சரக்கு இறக்கம், இருபது பேருக்கு ராத்திரிச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாற்பது நிமிஷம் மட்டும் வெளியே வர அனுமதி கிடைத்தது. பௌதி புதிதாகப் பாயேஷ் காய்ச்சி டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்தார். "நானும் வரேன்" என்று செருப்பு மாட்டியவரைக் கணவர், "நாற்பது நிமிஷத்துல நீ முப்பது பேசிடுவே" என்று நிறுத்திவிட்டார். அவர் பேசி நான் கேட்ட ஒரே வேடிக்கைப் பேச்சு அது.

துறைமுகக் கேட்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. கேட் காவலர் குழந்தையைப் பார்த்துவிட்டுத் தகரக் கூரைக்குக் கீழே தன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார். மகளின் அப்பா உள்ளேயிருந்து வேகமாக நடந்து வந்தார். மெலிந்திருந்தார். தாடி. பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். கையை நீட்டாமல், கால்சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கழுவிட்டுத்தான் வந்தேன்" என்றார், யாரோ கேட்டது போல.

"தூக்குங்க."

தூக்கினார். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள், தாடியைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் அந்தக் கேட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அலறல். அவர் பதறி என்னிடமே கொடுத்துவிட்டார். நான் மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா பாரு, தினமும் பாப்பேல்லா, அந்த அப்பா" என்றேன். அவர் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு துளி எடுத்து வாயருகே கொண்டுவந்தால் முகத்தை என் மார்பில் புதைத்துக்கொண்டாள். நான்கு முறை. ஐந்து முறை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நீயே ஊட்டு" என்றார். "நான் பாக்கேன். அது போதும்."

ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருந்தது அதற்கா? நான் எழுந்து நாற்காலியை லாரிகளைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். மகளை மடியில் வெளிப்பக்கம் பார்க்க உட்காரவைத்தேன். "பின்னால வாங்க. பேசாதீங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார். என் காதோரத்தில் அவர் மூச்சு. என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை போல அவர் கை முன்னால் போயிற்று. லாரியின் வைப்பர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் வாயைத் திறந்தாள். பாயேஷ் உள்ளே போயிற்று. பாதியைத் துப்பினாள். நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு மறுபடி திறந்தாள்.

"திங்காட்டி" என்று அவர் காற்றாகச் சொன்னார். "ஏட்டி, திங்கா."

ஒன்பது வாய். நடுவில் ஒருமுறை அவள் அந்தக் கையைப் பிடித்து, விரலைத் தடவிப் பார்த்தாள். அவர் அசையவே இல்லை. என் கழுத்தில் ஏதோ சொட்டியது. கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொண்டேன். கேட் காவலர் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, வராத லாரிக்கெல்லாம் கையாட்டிக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிஷம் முடிந்தது. அவர் மகளுக்கு முன்னால் வராமல், பின்பக்கமாகவே அவள் தலையை முகர்ந்துவிட்டு உள்ளே போனார். நான்கு நாளில் மிச்சச் சரக்கும் இறங்கிவிட்டது. காலிக் கப்பலுக்கு ஆற்றில் எந்தத் தடையும் இல்லை. கிடைத்த முதல் ஏற்றத்தில், துறைமுகத்தையும் ஆற்றையும் பிரிக்கிற லாக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

மறுநாளிலிருந்து நான் மகளுக்குச் சாதம் ஊட்ட ஆரம்பித்தேன். நன்றாகத்தான் சாப்பிட்டாள். எடையும் ஏறியது. ஆனால் வெகு நாள் வரைக்கும், வாயருகே கை வந்ததும் உடனே திறக்கமாட்டாள். என் தோளைத் தாண்டி எனக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். அங்கே சுவர்தான் இருக்கும். அப்புறம்தான் வாயைத் திறப்பாள்.